ஸ்டுடியோ உரிமையாளர்களுக்கு: கேட்காமல் துடைக்காதீர்கள்

தமிழ்நாட்டின் போட்டோ ஸ்டுடியோ உரிமையாளர்களுக்கும், புகைப்படக் கலைஞர்களுக்கும், கலர் லேப்களில் ஆல்பம் வடிவமைப்பவர்களுக்கும், உங்கள் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

என் அம்மாவின் முதலாண்டுத் திதி நெருங்குகிறது. கூடத்தில் மாட்ட ஒரு நல்ல படம் வேண்டும் என்று வீட்டில் இருந்த ஆல்பங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தோம். தனியாக, நேராகப் பார்த்து, தெளிவாக எடுத்த படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. 2009இல் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தன்று எடுத்தது. அரக்கு நிறப் பட்டில், மூக்குத்தி மின்ன, அம்மா உட்கார்ந்திருக்கிறார். வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது. தலையில் பூ சரியாமல் இருக்கிறது. முகம் மட்டும் அவருடையது இல்லை.

அம்மாவுக்கு 1958இல், ஆறு வயதில், பெரியம்மை போட்டது. தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டம் தொடங்க அப்போது இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. வேப்பிலைப் படுக்கையில் பக்கத்தில் கிடந்த தம்பி பிழைக்கவில்லை, அம்மா பிழைத்தார். இரண்டு கன்னங்களிலும், நெற்றியோரத்திலும், மூக்கு நுனியிலும் மிளகளவு குழிகள். பாட்டி அவற்றைத் தழும்பு என்று சொன்னதே இல்லை. ஆத்தா போட்ட முத்து என்பார். திண்ணையில் அம்மா உட்கார்ந்திருக்க, மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு குழியிலும் ஒரு துளி நிழல் நிற்கும். என் மகள் சிறியவளாக இருந்தபோது அம்மாச்சியின் மடியில் ஏறி, கன்னத்தில் விரலை வைத்து அந்தக் குழிகளை எண்ணுவாள். இருபதைத் தாண்டியதும் கணக்குத் தப்பிவிடும். மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவாள்.

படத்தில் ஒரு குழிகூட இல்லை. மெழுகை உருக்கி ஊற்றியதுபோல் கன்னம் வழவழவென்று கிடக்கிறது. மூக்கிலிருந்து உதட்டோரம் இறங்கும் கோடுகளைக் காணவில்லை. மாநிறத்துக்கும் ஒரு படி கீழே இருந்த நிறம் சந்தன நிறமாகியிருக்கிறது.

அசல் இருந்தால் தாருங்கள் என்று படம் எடுத்த ஸ்டுடியோவுக்குப் போனேன். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதே என்று தயங்கித்தான் கேட்டேன். ஆல்பம் கொடுத்த ஆறு மாதத்திலேயே அசலையெல்லாம் அழித்துவிடுவது வழக்கம் என்றார்கள். இப்போது எப்படி என்று கேட்டேன். இப்போதும் அப்படித்தானாம். முகத்தை வழவழப்பாக்குவது இன்று எல்லாப் படத்துக்கும் இலவசமாம். வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லையாம். வேண்டுமா என்று யாரையாவது கேட்டதுண்டா என்றேன். கல்லாவில் இருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிக்கொண்டார்.

அந்த ஸ்டுடியோவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அது ஒரு கடையின் தவறாக இருந்திருந்தால் அந்தக் கல்லாவிலேயே பேசி முடித்திருப்பேன். ஊருக்கு ஊர் இதுவே நடப்பதால்தான் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

உங்கள் தொழில் தெரியாத ஒருத்தி வெளியிலிருந்து குறை சொல்கிறாள் என்று ஒதுக்கிவிட வேண்டாம். என் அப்பா டச்சிங் ஆர்ட்டிஸ்ட், அதாவது அச்சிடுவதற்கு முன் நெகட்டிவிலேயே முகத்தைத் திருத்துபவர். 1968 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோவின் பின்னறையில் நெகட்டிவ் டச்சிங் செய்தவர். கணினிக்குப் பிறகு தொழிலுக்கு வந்தவர்கள் அந்த வேலையைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சாய்வான ஒரு மேசை. அதன் நடுவே சதுரமாக ஒரு திறப்பு. அதில் நெகட்டிவை வைப்பார்கள். கீழே முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, ஜன்னல் வெளிச்சத்தை வாங்கி மேலே திருப்பும். பென்சில் வழுக்காமல் பிடிப்பதற்காக ஒருவகை வார்னிஷைப் பஞ்சில் தொட்டு நெகட்டிவின் மேல் லேசாகத் தடவுவார். பென்சிலை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து முனையை ஊசியாக்குவார். நெகட்டிவில் எல்லாமே தலைகீழ் அல்லவா? முகத்தில் இருட்டாக விழும் சுருக்கத்தின் நிழல் அங்கே வெளிறித் தெரியும். அந்த இடத்தில், காற்புள்ளி அளவுக்கு நுணுக்கமாக, கோட்டுக்குப் பக்கத்தில் கோடாக வைத்துக்கொண்டே போனால் அச்சில் அந்த நிழல் தணியும். லென்ஸை விட்டுக் கண்ணை எடுக்காமல், மூச்சை அடக்கிக்கொண்டு செய்வார். ஒரு முகத்துக்கு அரைமணி நேரமாவது ஆகும்.

அந்த ஸ்டுடியோ முதலாளி அவருக்குச் சொல்லிக் கொடுத்த விதி ஒன்றுதான்: பத்து நாளில் மறைவதை எடு, அதற்குப் பிறகும் இருப்பதைத் தொடாதே. பரு, வேர்க்குரு, உதட்டு வெடிப்பு, இரண்டு இரவு தூங்காததால் கண்ணுக்குக் கீழே விழுந்த கருமை ஆகியவற்றை எடுக்கலாம். மச்சம், அம்மை வடு, வெட்டுத் தழும்பு, நெற்றியில் குத்திய பச்சை ஆகியவற்றை எடுக்கக் கூடாது. பெண் பார்க்க அனுப்பும் படம் என்றால் கண்டிப்பு இன்னும் கூடும். படத்தில் ஒரு முகமும் நேரில் ஒரு முகமும் இருந்தால் பஞ்சாயத்து ஸ்டுடியோ வாசலுக்குத்தான் வரும் என்பது முதலாளியின் கணக்கு. கணக்கு எதுவானாலும், அப்பா ஒவ்வொரு புள்ளியிலும் நின்று, இது போகக்கூடியதா, இருக்கப்போவதா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டுதான் பென்சிலை வைத்தார்.

2009 ஆல்பம் வீட்டுக்கு வந்த அன்று அம்மா தன் படத்தைப் பார்த்துவிட்டு, யாரோ என் சித்தி பெண் மாதிரி இருக்கிறாள் என்று சொல்லி மூடிவைத்துவிட்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு, இருபது ஆண்டுகளாகப் பெட்டிக்குள் கிடந்த தன் லென்ஸைத் தேடி எடுத்து, அந்தப் பக்கத்தை விளக்குக்கு அடியில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் ஒரு மயிர்க்கண்கூட இல்லை என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

நானும் உங்களில் ஒருத்தியாக இருந்தவள்தான். 2006 முதல் 2012 வரை மதுரையில் ஆல்பம் வடிவமைப்பாளராக வேலை பார்த்தேன். ஒரு கல்யாணத்துக்கு எண்ணூறு, ஆயிரம் படங்கள் வரும். போட்டோஷாப்பில் முகத்தை வழவழப்பாக்கும் பிளக்-இன் என்ற துணை மென்பொருள் ஒன்றைச் சேர்த்து, ஆக்‌ஷன் என்ற கட்டளை வரிசை ஒன்றை எழுதி, மொத்தக் கோப்புறையையும் பேட்சில், அதாவது எல்லாப் படத்துக்கும் தானாகவே ஓடும்படி, போட்டுவிட்டுச் சாப்பிடப் போவோம். திரும்பி வரும்போது ஆயிரம் முகங்களும் வழவழப்பாகியிருக்கும். அந்தப் பொத்தானை நானும் அழுத்தியிருக்கிறேன். எத்தனை முகங்களுக்கு என்று எனக்கே தெரியாது.

அது எப்படி வேலை செய்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் வாடிக்கையாளர்களுக்குத் தெரியாது. மென்பொருள் முதலில் தோல் நிறத்தை ஒட்டிய இடங்களையெல்லாம் ஒரு வேலிக்குள் கொண்டுவரும். அந்த வேலிக்குள் அக்கம்பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே சிறிய வேறுபாடு இருந்தால் அதைக் கலைத்துச் சமப்படுத்தும். கண், உதடு, புருவம் போல் பெரிய வேறுபாடு இருந்தால் விட்டுவிடும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். நேற்று வந்த பருவும் ஐம்பது ஆண்டுத் தழும்பும் அதற்கு ஒரே அளவுள்ள ஒரு புள்ளி. தோல் என்பதுகூட அதற்கு ஒரு நிறம்தான். சந்தன நிறப் பட்டும் அந்த வேலிக்குள் விழும் என்பதால், சேலையின் நெசவும் முகத்தோடு சேர்ந்து மங்கிப்போவதை நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். தறியில் உட்கார்ந்து ஒருவர் நெய்த நெசவும் போகிறது, தாயின் வயிற்றிலிருந்து கொண்டுவந்த மச்சமும் போகிறது.

ஒரு படம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஒரு மணப்பெண்ணின் பாட்டி, சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்துக்காரர், மணமக்கள் மேல் அட்சதை தூவுகிறார். நெற்றியில் பச்சைக் கோடு, மோவாயில் முக்கோணமாக மூன்று பச்சைப் புள்ளிகள். வயதில் வெளிறிப்போன பச்சை. பேட்ச் முடிந்து வந்தபோது நெற்றிக் கோடு பாதி கரைந்திருந்தது. மோவாய்ப் புள்ளிகள் மூன்றும் போய்விட்டன. நான் கவனிக்கவில்லை. ஆல்பம் அச்சாகிப் போய்விட்டது. பெண்ணின் தம்பி திரும்பி வந்து, எங்கள் பாட்டியின் மோவாயைக் காணவில்லை என்றான். அப்படியேதான் சொன்னான், புள்ளியை என்றுகூடச் சொல்லவில்லை. நல்லவேளை, அசல் எங்களிடம் இருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி அச்சிட்டுக் கொடுத்தோம். அசல் இல்லாமல் போயிருந்தால் அவனுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? என் அம்மாவின் விஷயத்தில் எனக்குச் சொல்லப்பட்ட பதிலைத்தான் சொல்லியிருப்பேன்.

நிறத்துக்கு வருகிறேன். தாலி கட்டும் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மணப்பெண்ணின் முகம் ஒரு நிறம், அவளுடைய கழுத்து இன்னொரு நிறம், மடியில் கிடக்கும் கை மூன்றாவது நிறம். முகத்தை மட்டும் வெளுத்துவிட்டு நேரமில்லாமல் கையை விட்டுவிட்ட வேலை இது. மருதாணி வைத்த அந்தக் கைதான் அவளுடைய உண்மையான நிறத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். கொஞ்சம் கலராக்கிக் கொடுங்கள் என்று கேட்பது வாடிக்கையாளர்தான் என்பீர்கள். எந்த வாடிக்கையாளர்? ஆறு ஆண்டுகளில் நான் பார்த்தவரை, பெண்ணின் அம்மா கேட்டார், அத்தை கேட்டார், மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள்; பல நேரம் யாருமே கேட்காமல் கேமராமேனே சொல்லி அனுப்பினார். படத்தில் இருக்கும் பெண்ணிடம் கேட்டுவிட்டு வந்தவர்கள் மிகக் குறைவு.

இதற்கெல்லாம் ஒரு பழைய வரலாறு உண்டு. கலர் அச்சு வந்த காலத்தில் நிறம் சரியாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய அட்டையில் பல பத்தாண்டுகள் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே இருந்தது. ஷெர்லி அட்டை என்பது அதன் பெயர். அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று வைத்துக்கொண்டார்கள். கறுத்த முகம் சேறாக விழுந்தது. அன்று ஃபிலிமின் குறை என்று சொல்ல முடிந்தது. இன்று அந்தச் சாக்கு இல்லை. 2021இல் கூகுள் தன் பிக்ஸல் 6 போனை வெளியிட்டபோது கறுத்த தோலை உள்ளபடி காட்டுவதற்கென்றே ரியல் டோன் என்ற ஏற்பாட்டைச் சேர்த்தது. 1975இல் கடைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லிகூட 2020இல் தன் பெயரிலிருந்து ஃபேர் என்ற சொல்லை எடுத்துவிட்டது. கையில் இவ்வளவு நல்ல கேமராக்களை வைத்துக்கொண்டு, அவை உள்ளபடி எடுத்த நிறத்தை நீங்கள் உட்கார்ந்து அழிக்கிறீர்கள்.

திருத்துவதே தவறு என்று நான் சொல்லவில்லை. அது என் அப்பா சோறு போட்ட தொழில். மியூனிக் நகரத்து ஒளிப்படக் கலைஞர் ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டெங்கல் 1855 பாரிஸ் கண்காட்சியில் ஒரே படத்தைத் திருத்தியும் திருத்தாமலும் இரண்டாக வைத்தார், கூட்டம் அதைப் பார்த்து வியந்தது என்று படித்திருக்கிறேன். இரண்டையும் வைத்தார் என்பதைக் கவனியுங்கள். பரு நிறைந்த முகத்தோடு வரும் பதினேழு வயதுப் பெண் அவற்றை எடுத்துவிடுங்கள் என்று கேட்டால் எடுங்கள். தீக்காயத் தழும்பை ஒருவர் தன் படத்தில் பார்க்க விரும்பவில்லை என்றால் அது அவருடைய முகம், அவருடைய முடிவு. அதே அளவுக்கு, அந்தத் தழும்பு இருக்கட்டும் என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. சொல்வதற்கு ஒரு வாய்ப்பாவது வேண்டும். இன்று உங்கள் கடைகளில் அந்த வாய்ப்பு இல்லை. கேள்வியே கேட்காமல் பதிலை எழுதிவிடுகிறீர்கள்.

சில நாடுகள் திருத்திய படங்களுக்குச் சட்டம் போட்டிருக்கின்றன, ஆனால் அதை விளம்பரப் படங்களோடு நிறுத்தியிருக்கின்றன. பிரான்சில் 2017 அக்டோபர் முதல், மாடல்களின் உடலமைப்பை மாற்றிய வணிகப் படத்தில் அது திருத்தப்பட்டது என்று எழுத வேண்டும். நார்வேயில் 2022 ஜூலை முதல், உடலின் வடிவத்தையோ அளவையோ தோலையோ திருத்திய விளம்பரங்களுக்கு முத்திரை கட்டாயம். யாரென்றே தெரியாத மாடலின் முகத்துக்கு அங்கே சட்டம் இருக்கிறது. எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டும் முகத்துக்குச் சட்டம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உங்கள் மனச்சாட்சியைத்தான் கேட்கிறேன்.

அடையாளப் படங்களிலும் இதே பழக்கம் நுழைந்துவிட்டது. விசாவுக்கான படத்தில் தோற்றத்தை எந்த வகையிலும் திருத்தக்கூடாது என்பது அமெரிக்காவின் தெளிவான விதி. என் தங்கை மகனுக்கு அந்தப் படத்தை எடுத்த கடை, கேட்காமலே தாடை மச்சத்தை அழித்துக் கொடுத்தது. அவன் வேறு கடை தேடிப் போய் மறுபடி எடுத்துக்கொண்டான். அவன் பார்த்ததால் தப்பியது.

என் அம்மாவின் குழிகளை நான் இவ்வளவு பிடிவாதமாகக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975 மே மாதத்தில் கண்டறியப்பட்டார். 1977இல் நம் நாடு பெரியம்மை அற்றது என்று சான்று கிடைத்தது. 1980இல் உலகமே விடுபட்டது. ஆகவே அந்த வடுவைச் சுமப்பவர்களில் மிக இளையவருக்கும் இன்று ஐம்பது வயதாகியிருக்கும். பெரும்பாலோர் அதைவிட மூத்தவர்கள். அவர்கள்தான் இன்று உங்கள் ஸ்டுடியோக்களில் மணிவிழாவுக்கும் சதாபிஷேகத்துக்கும் பேரன் பேத்தி கல்யாணத்துக்கும் வந்து உட்காருகிறார்கள். அந்த வடு இனி எந்தக் குழந்தையின் முகத்திலும் வராது. ஊர் ஊராக அம்மை குத்தி அந்த நோயை ஒழித்ததைப் பாடப் புத்தகத்தில் படிக்கும் என் மகளுக்கு, அது தன் அம்மாச்சியின் கன்னத்தில் இருந்தது என்று காட்ட ஒரு படம் வேண்டும். இருந்த ஒரு படத்திலும் அதைத் துடைத்துவிட்டீர்கள்.

போன வாரம் அந்தப் படத்தைச் சட்டம் போடக் கொடுக்கலாமா என்று மேசையில் வைத்திருந்தேன். மகள் வந்து பார்த்தாள். இப்போது அவளுக்குப் பதினொரு வயது. கன்னத்தில் விரலை வைத்து, சற்று நேரம் அப்படியே நின்றாள். பிறகு, இதில் எண்ண முடியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் படத்தைச் சட்டம் போடக் கொடுக்கவில்லை.

உங்களிடம் நான் கேட்பவை இவை.

ஆர்டர் எழுதும் சீட்டில் இரண்டு வரிகள் சேருங்கள். தோலை வழவழப்பாக்கலாமா, நிறத்தை மாற்றலாமா என்ற இரண்டு கேள்விகள். பதிலைப் படத்தில் இருப்பவரிடம் வாங்குங்கள். பணம் கட்டுபவரிடம் மட்டும் கேட்டு முடித்துவிடாதீர்கள். பதில் வராத படத்தைத் தொடாதீர்கள். பேச்சு இல்லை என்றால் திருத்தம் இல்லை என்பதே வழக்கமாகட்டும். இன்று அது தலைகீழாக இருக்கிறது.

மச்சம், அம்மை வடு, பச்சை, பிறவி அடையாளம், வயதின் கோடு ஆகியவற்றை உரியவர் தம் வாயால் கேட்டாலொழிய எடுக்காதீர்கள். பத்து நாள் விதியை உங்கள் கடைக்கு வேலை கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுங்கள். அறுபது வயது தாண்டியவர்களின் படங்களையும், இறந்தவர்களுக்காகச் சட்டம் போட வரும் படங்களையும் பேட்சில் போடாதீர்கள். ஒருவர் உட்கார்ந்து கண்ணால் பார்த்துச் செய்யட்டும். அதற்குக் கூடுதலாகப் பணம் கேளுங்கள், கொடுப்போம்.

பள்ளி அடையாள அட்டை, தேர்வு விண்ணப்பம், பாஸ்போர்ட், விசா ஆகியவற்றுக்கான படங்களில் இந்த மென்பொருளே ஓடக் கூடாது.

ஆல்பத்தோடு திருத்தாத அசல் படங்கள் முழுவதையும் ஒரு பென் டிரைவில் போட்டு வாடிக்கையாளரிடம் கொடுங்கள். உங்களிடம் உள்ள அசலை அழிப்பதற்கு முன் ஒரு முறை தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

சங்கப் பொறுப்பாளர்களே, அடுத்த பொதுக்குழுவில் இவற்றைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். நிறைவேறினால், கடையின் கல்லாவுக்குப் பின்னால் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி எழுதி மாட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இது இன்றைக்கே செய்யக்கூடியது. உங்கள் அலமாரிகளிலும் பரண்களிலும் பழைய ஹார்டு டிஸ்க்குகளும் சிடிக்களும் கிடக்கும். காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் கணினியில் மாட்டிப் பாருங்கள். யாருடைய அம்மாவாவது துடைக்கப்படாத முகத்தோடு அதில் இருந்தால், ஆல்பம் ரசீதில் இருக்கும் எண்ணுக்கு ஒரு முறை கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு டச்சிங் ஆர்ட்டிஸ்டின் மகள்